பேரம் பேசாத அபூர்வத்தம்மாள்

அந்த செல்போனை முதல்ல கவுத்து வைங்க சார். ரெக்கார்டு ஓடுதா? ஓடலையா? சரி. ஓடுதுன்னாலும் சொல்லிடுங்க, தப்பா நெனைச்சுக்க மாட்டேன். வேற மாதிரி பேசுவேன், அவ்வளவுதான்.

வக்கீல் சங்க மலர்ல என்னைப் பத்திப் போடப் போறீங்களாமே. யாரு சொல்லி வந்தீங்க? கமிட்டியே முடிவு பண்ணுச்சா? கமிட்டியில யாரு யாரு? ம். அவரும் இருக்காரா. தலைவர் எலெக்சன்ல எனக்கு எதிரா நின்னவரு அவரு. அவரே கையத் தூக்கி, 'பக்கிரிசாமி சாரைப் பத்திப் போடுங்க'ன்னாராக்கும்? அதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல. பரவாயில்ல, உக்காருங்க. காபி வரும். சர்க்கரை போடலாம்ல? கேட்டுக்கறது நல்லது. பக்கிரிசாமி வீட்டுக் காபியால சுகர் ஏறிடுச்சுன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது பாருங்க.

எழுதிக்குங்க. திருவாரூர் கோர்ட்ல சிவில் பக்கம்தான் எப்பவும். ஆரம்பத்துல பாகப்பிரிவினை, கோயில் குத்தகை, வரப்புத் தகராறு. அப்புறம் நம்ம பக்கம் எண்ணெய்க் கம்பெனி வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு போட வேண்டாம், கம்பெனின்னே போடுங்க. வயலுக்கு நடுவுல இரும்புக் கோபுரம் நட்டாங்க. எண்ணெய் எடுக்கறதுக்கு முன்னால நிலம் எடுக்கணும்ல? அந்த நிலம் உண்மையிலேயே யாரோடது, வில்லங்கம் இருக்கா, லீஸுக்கு எடுக்கலாமா, கேஸ் பைப்பு பதிக்கலாமான்னு ஒருத்தன் பாத்துச் சொல்லணும்ல? அந்த ஒருத்தன் நான். இந்த ஜில்லாவுல எந்த எண்ணெய்க் கிணத்துக்குப் போனாலும், அந்த மண்ணோட மூலப்பத்திரத்தை நான் ஒரு தடவையாவது மோந்து பாத்திருப்பேன்.

ஜனங்களுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. 'என் நிலத்துக்கு அடியில இருக்கற எண்ணெய் எனக்கு இல்லையா சார்?'னு கேப்பாங்க. இல்லம்பேன். மேல் மண்ணுதான் உங்களுக்கு, அடியில எண்ணெய் இருந்தாலும் கேஸ் இருந்தாலும் அரசாங்கத்துக்கும்பேன். ஒரு மாதிரியா பாப்பாங்க. நான்தான் அதை அடியிலேருந்து உருவிக்கிட்ட மாதிரி.

அப்புறம் நல்லாவே புரிஞ்சுக்கிட்டாங்க. சர்வேக்கு ஆள் வரப்போறாங்கன்னு தெரிஞ்சா வயல் பூரா தேக்கங்கன்னு முளைச்சிடும். நஷ்டஈடு வாங்கணும்ல. ஒருத்தன் வந்தான், அண்ணன் செத்துட்டாரு, நான்தான் ஒரே வாரிசுன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டான். எனக்கு என்னமோ உறுத்துச்சு. எந்திரிச்சு வாசலுக்குப் போனேன். அவன் வந்த ஆட்டோவோட டிரைவர்கிட்ட பேரைக் கேட்டேன். செத்துப்போன அண்ணன், சார்! ஸ்டீரிங்ல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்!

இதைப் போடுங்க மலர்ல. சிரிப்பாங்க. ஆனா நீங்க என்னோட மறக்க முடியாத வழக்கு எதுன்னு கேட்டீங்கள்ல? அது இது இல்ல. அது அபூர்வத்தம்மா விஷயம். ஒரு வக்கீலுக்கு மூக்கு எப்படி வேலை செய்யணுங்கறதுக்கு அதை விட நல்ல உதாரணம் என் சர்வீஸ்ல கிடையாது.

கீழப்பரவனூர்னு ஒரு ஊர். மெயின் ரோட்டுலேருந்து உள்ள போகணும். அப்ப ரோடெல்லாம் கிடையாது. வாய்க்கால் கரை, அப்புறம் வரப்பு. மழைக்காலத்துல கரையும் தெரியாது, வரப்பும் தெரியாது. அந்த ஊர்ல கிணறு தோண்ட கம்பெனி இடம் பாத்துச்சு. தோதான இடம் அபூர்வத்தம்மாவோட நாலு ஏக்கர். புருஷன் பேரு தட்சிணாமூர்த்தி, இறந்துட்டாரு. மக கல்யாணமாகிக் கரூர்ல. இந்தம்மா தனியாத்தான் இருந்தாங்க. பக்கத்து வீட்டுல புருஷனோட தம்பி கலியமூர்த்தி, அவரு சம்சாரம் மலர்க்கொடி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை, ஒரே அடிபம்பு.

அந்தம்மா என் ஆபீஸுக்கு வந்தாங்க. லீஸுன்னா என்ன, எத்தனை வருசம், கம்பெனி என்ன குடுக்கும், எல்லாம் விளக்கமா சொன்னேன். சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப பேரம் ஆரம்பிக்கும்ல? ஊர்ல எல்லாரும் ஆரம்பிப்பாங்க. தென்னை இருக்கு, போர் இருக்கு, மாமனார் சமாதி இருக்கும்பாங்க.

அந்தம்மா கேட்டாங்க, "எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

நான் பேனாவைக் குடுக்கல.

"கம்பெனி குடுக்கறது போதுமா?"ன்னு கேட்டேன்.

"போதும் சார்."

"கூடக் கேட்டுப் பாக்கலாமே?"

"கூடக் கேட்டா வேற இடம் பாத்துக்கிட்டுப் போயிடுவாங்கள்ல சார்? எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கிணறு தோண்டணும்னா பெரிய பெரிய லாரியெல்லாம் வரும், ரோடு போட்டுத்தான் ஆகணும்னு இஞ்சினீரு சொன்னாரு. நெசந்தானா?"

"நெசந்தான். ஏன்?"

"அப்ப சரி சார்"னாங்க. முகம் அப்படியே மலர்ந்து போச்சு.

நீங்களே சொல்லுங்க சார். நிலத்தை விடறவங்க நிலத்தைப் பத்திக் கேக்கல. ரோட்டைப் பத்திக் கேக்கறாங்க. உங்களுக்கு என்ன தோணும்? உங்களுக்குத் தோணாது, நீங்க கிரிமினல் பக்கம். சிவில்காரனுக்குத் தோணும். ரோடு வந்தா மிச்ச நிலம் என்ன விலைக்குப் போகும்? பிளாட்! கம்பெனி காசுல ரோடு போட்டுக்கிட்டு, மிச்சத்தைப் பிளாட் போட்டு வித்துட்டுக் கரூருக்கு மக வீட்டோட போய்ச் சேர்ந்துடற திட்டம். இந்த மாதிரி எத்தனை பாத்திருக்கேன்.

"ரோடு எதுக்கும்மா உங்களுக்கு?"ன்னு நேரடியாவே கேட்டேன்.

சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. கார்த்திகை மாச மழையில புருஷனைப் பாம்பு கடிச்சிடுச்சாம். வேன் மெயின் ரோட்டுல வந்து நிக்குது, ஊருக்குள்ள வர முடியல. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு, தம்பி கலியமூர்த்தியும் இன்னும் மூணு பேரும் வரப்பு வழியா தூக்கிக்கிட்டு ஓடியிருக்காங்க. வழுக்குதாம். ரெண்டு எடத்துல நாற்காலியோட விழுந்தாங்களாம். மெயின் ரோட்டுல ஏத்தறப்ப வாயில நுரை தள்ளிடுச்சாம். ஆஸ்பத்திரி வாசல்ல போயிட்டாராம்.

"அவரு கூட சாகற வயசுன்னு வெச்சுக்குவோம் சார். எங்க தெருவுல மாசமா இருக்கற புள்ளைங்க இருக்கு"ன்னாங்க.

நான் அழுதுட்டேனா? இல்லையே. அதுக்கா கம்பெனி எனக்கு ஃபீஸ் குடுக்குது? "இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க"ன்னேன். அடுத்த நாளே கொண்டாந்தாங்க. பாத்தேன். தேதி சரியா இருக்கு. கார்த்திகை மாசந்தான். ஆனா பாம்பு கடிச்சுச்சுன்னு அதுல எங்கயும் போடல. அதுல போட மாட்டாங்கதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் போடலல்ல?

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வாங்கிப் பாத்தேன். சுத்தம். துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சுத்தமா இருக்கற பத்திரத்தைப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது சார். எங்க குமாஸ்தா சீராளன், நல்ல மனுஷன், என்கூட ரொம்ப நாளா இருந்தவன், அவன் சொன்னான், "சார், அந்தம்மா பாவம். நிலத்துல பிரச்சனை இல்லைன்னு ஒப்பீனியன் எழுதிக் குடுத்துடலாம்."

"உனக்கு அந்த ஊரா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க."

"சொந்தமா?"

"யாரும் இல்லீங்க சார்."

"பின்ன ஏன் பரிஞ்சு பேசறே?"

வாயை மூடிக்கிட்டான். அதையும் மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

தோண்டிப் பாத்ததுல ஒண்ணு கிடைச்சுச்சு. நிலம் மொத்தமும் மாமனார் பேருல இருந்தது. அவரு சாகறதுக்கு முன்னால பெரியவனுக்கு இது, சின்னவனுக்கு அதுன்னு வாயால சொல்லிப் பிரிச்சிருக்காரு. பட்டா தனித்தனியா மாறியிருக்கு. ஆனா பத்திரம் பதியல. பட்டா இருந்தா மட்டும் சொந்தம்னு ஆயிடாது, உங்களுக்கே தெரியும். தம்பிகாரன்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கணும். சாதாரண விஷயம். குமாஸ்தாவை அனுப்பி வாங்கலாம். ஆனா நானே போனேன். ஆளை நேர்ல பாக்கணும்ல.

வரப்புல நடந்து போறதுக்குள்ள செருப்பு அறுந்து போச்சு. கலியமூர்த்தி களத்துல இருந்தாரு. மலர்க்கொடி ஓரமா முறத்துல பயறு புடைச்சுக்கிட்டிருந்தாங்க.

"உங்க அண்ணி நிலத்தைக் கம்பெனிக்கு விடறாங்க. தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியும் சார். நான்தான் அவங்களை உங்க ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். வெளியில நின்னேன்."

"ஏன் உள்ள வரல?"

"கால் பூரா சேறு சார்."

சேறாம். சரி. "உங்ககிட்ட ஒரு கையெழுத்து வேணும். எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு."

"குடுங்க, போட்டுடறேன்."

"படிச்சுப் பாக்க வேண்டாமா?"

"அண்ணிக்குத் தெரிஞ்சுதான வந்திருக்கு? அப்புறம் நான் என்னத்தைப் படிக்கறது."

பாருங்க சார். ஒருத்தர் பேரம் பேசாம கையெழுத்துப் போட்டாலே சந்தேகம். ரெண்டு பேரும் பேரம் பேசலைன்னா? பேசி வெச்சுக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்? இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்குக் கிணறு தோண்டின பிறகு, என்னை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு இவரு கேஸ் போட்டா? கம்பெனி தலையில கையை வெச்சுக்கிட்டு என்னைத்தான கேக்கும்? அதனால ஆளைச் சோதிச்சுப் பாத்தேன். சோதிக்காம எப்படித் தெரியும்?

"பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன்.

"வாய்க்காலுக்குத் தெக்க அண்ணனுக்கு, வடக்க எனக்குன்னு அப்பா சொன்னாரு சார்."

"எழுத்துல?"

"சொன்னாரு சார்."

"எழுத்துல இல்லைன்னா, சட்டப்படி அந்த நாலு ஏக்கர்ல உங்களுக்கும் பாதி உண்டுன்னு கேக்கலாம். கம்பெனி குடுக்கறதுல பாதி உங்களுக்கு வரணும்னு கேக்கலாம். இதெல்லாம் தெரிஞ்சுதான் போடறீங்களா?"

பேனா நின்னுச்சு. அந்தப் பக்கம் முறமும் நின்னுச்சு.

"பாதியா?"ன்னாங்க மலர்க்கொடி.

"நீ உள்ள போ"ன்னாரு கலியமூர்த்தி. அந்தம்மா போகல. முறத்தை அப்படியே கீழ வெச்சிட்டு வந்து நின்னாங்க. அவங்களுக்கு வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு. அதைச் சொன்னாங்க. வடக்கால இருக்கற நிலம் பள்ளம், வருசா வருசம் தண்ணி நிக்குதுன்னாங்க. தெக்கால மேட்டு நிலத்தைப் பெரியவருக்குக் குடுத்தப்பவே எங்களைக் கேக்கலையேன்னாங்க. பத்து நிமிஷத்துல எவ்வளவு வெளிய வந்துச்சு பாருங்க! கலியமூர்த்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு.

கடைசியில, "யோசிச்சுச் சொல்றேன் சார்"னு காகிதத்தை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு.

பாத்தீங்களா? ஒரே ஒரு கேள்விதான். வேஷம் கலைஞ்சு போச்சு. அறுந்த செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட நடந்து வந்தேன், ஆனா அன்னிக்கு எனக்கு இருந்த திருப்தி இருக்கே!

அந்த மாசமே மன்னார்குடி வக்கீல் ஒருத்தரு மூலமா கலியமூர்த்தி அண்ணி மேல பாகப்பிரிவினை கேஸ் போட்டாரு. நான் கம்பெனிக்கு எழுதினேன். நிலத்துல வழக்கு இருக்கு, நில உரிமையாளருக்கு உள்நோக்கம் இருக்கறதா தெரியுது, இந்த இடம் வேண்டாம்னு. லேண்ட் ஆபீசர் போன் பண்ணிச் சொன்னாரு, "நல்ல வேளை சார், நீங்க இல்லைன்னா மாட்டியிருப்போம்." அந்த வார்த்தையை வேணும்னா தலைப்பா போட்டுக்குங்க. கம்பெனி ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஊர்ல இடம் எடுத்துக்கிச்சு. அந்த ஊருக்கு நல்ல ரோடு போட்டாங்க. இப்பவும் இருக்கு.

சீராளன் மட்டும் ஒரு நாள் ஃபைலைக் கட்டிக்கிட்டே சொன்னான், "நீங்க போய்ச் சொல்லலைன்னா அவரு கேஸ் போட்டிருக்க மாட்டாரு சார்."

எப்படி இருக்கு பாருங்க! மனசுல இல்லாததை நான் சொல்லி வரவழைக்க முடியுமா? உள்ள இருந்ததுதான வெளிய வந்துச்சு? டாக்டர் தட்டிப் பாத்ததால வியாதி வந்துச்சுன்னு யாராவது சொல்வாங்களா? அவன் யார்கிட்டயோ எதுவோ வாங்கிட்டான்னுதான் அப்ப நெனைச்சேன். கொஞ்ச நாள்ல அவனே நின்னுக்கிட்டான். சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதறான் இப்ப.

அபூர்வத்தம்மா வந்தாங்க. நல்ல மழை. குடையை வெளியில வெச்சிட்டு, ஈரத்தோட உள்ள வராம நிலைப்படியிலயே நின்னாங்க.

"ரோடு வராதா சார்?"

"கம்பெனி வேற இடம் போயிடுச்சும்மா."

முந்தானையால முகத்து ஈரத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, "தம்பிகிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"சட்டத்தைச் சொன்னேன்."

"அவரு சட்டத்தைக் கேக்கலையே சார்"னாங்க.

கோவமா சொல்லல. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கோவப்பட்டிருந்தா, சரி, திட்டம் கெட்டுப் போன ஆத்திரம்னு விட்டிருப்பேன். சும்மா சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மழையிலயே விரிக்காம கொஞ்ச தூரம் போனாங்க, ஜன்னல் வழியா பாத்தேன். எதுக்கு விரிக்கல? நான் பாக்கறேன்னு தெரிஞ்சுதான்னு நெனைக்கறேன்.

கேஸ் இழுத்துக்கிட்டே போச்சு. நிலத்தை யாரும் தொடக் கூடாது, இருக்கறபடியே இருக்கணும்னு கோர்ட் உத்தரவு. நாலு ஏக்கர் தரிசா கிடந்துச்சு. கொல்லைக்குக் குறுக்க கலியமூர்த்தி முள்வேலி போட்டாரு. அடிபம்பு அவரு பக்கம் போயிடுச்சு. அந்தம்மா தெருக்கோடியிலேருந்து தண்ணி தூக்கினாங்களாம். அண்ணி, தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த ரெண்டு பேரும் கோர்ட் வராந்தாவுல ஆளுக்கு ஒரு தூணுக்குப் பின்னால நிப்பாங்க.

கலியமூர்த்தி சாட்சி சொன்ன அன்னிக்கு நான் போயிருந்தேன். எனக்கு அந்தக் கேஸ்ல வேலை இல்ல, கம்பெனிக்கும் அதுல அக்கறை இல்ல. இருந்தாலும் என் சந்தேகம் எந்த அளவுக்குச் சரின்னு தெரிஞ்சுக்கணும்ல? பின் வரிசையில உக்காந்திருந்தேன். அந்தம்மாவோட வக்கீல் குறுக்கு விசாரணையில கேட்டாரு, "இத்தனை வருஷமா தெக்கால நிலம் உங்க அண்ணனோடதுன்னுதான நீங்களே சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"ஆமாங்க."

"அண்ணன் இறந்த பிறகு அந்த நிலத்தை உழுது, வெளைஞ்சதை அண்ணி வீட்டுல கொண்டு போய்ப் போட்டது யாரு?"

"நாந்தாங்க."

"ஒரு மூட்டை எடுத்துக்கிட்டீங்களா?"

"அது எப்படிங்க எடுக்கறது?"

"பின்ன அதுல உங்களுக்குப் பாதி இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுது?"

மனுஷன் திரும்பி என்னைப் பாத்தாரு சார். கையைக் காட்டினாரு. "அதோ, அந்த வக்கீல் சார் வந்து சொன்னாருங்க"ன்னாரு.

கோர்ட்டே சிரிச்சுது. நீதிபதி கூட ஃபைலை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பார்ட்டி கிடையாது, சாட்சி கிடையாது. என் பேரை எதுக்கு இழுக்கணும்? அந்த மன்னார்குடி வக்கீல் சொல்லிக் குடுத்துத்தான் கையைக் காட்டச் சொல்லியிருக்கான். இல்ல, அந்தம்மாவோட வக்கீலா? ரெண்டு பேரும் சேர்ந்தேவா? அன்னையிலேருந்து அந்த வராந்தா பக்கம் போறதையே விட்டுட்டேன்.

காபி ஆறுது, குடிங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? சர்க்கரை ஜாஸ்தியா? இல்லையா? சரி.

அப்புறம் நடந்ததை நான் நேர்ல பாக்கல. சீராளன் சொன்னது. சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பாத்தப்ப சொன்னான். அவன் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

ஒரு ஐப்பசியில வெள்ளம் வந்துச்சுல்ல, அப்ப மலர்க்கொடி கொல்லையில வழுக்கி விழுந்து, பின்மண்டையில அடி. பேச்சு மூச்சில்ல. வடக்கால வழி பூரா இடுப்புத் தண்ணி. தெக்கால மேட்டு வழியாத்தான் போகணும், அது அபூர்வத்தம்மா நிலம், நடுவுல கலியமூர்த்தி போட்ட வேலி. அவரு கொல்லையில நின்னு கத்தறாரு, யாரைக் கூப்பிடறதுன்னு தெரியாம. அந்தம்மா அருவாளோட வந்து வேலியை அந்தப் பக்கத்திலேருந்து வெட்டினாங்களாம். கையெல்லாம் முள்ளு கிழிச்சு ரத்தம். "நிக்காதீங்க தம்பி, தூக்குங்க"ன்னாங்களாம். நாலு வருஷம் கழிச்சு அதுதான் அவங்க பேசின முதல் வார்த்தையாம். தெருவுல இருந்தவங்களும் சேந்து, கட்டிலோட தூக்கிக்கிட்டு, தரிசு வழியா மெயின் ரோட்டுக்குப் போயிருக்காங்க. அந்தம்மா முன்னால கழியால தண்ணியைத் தட்டிப் பள்ளம் பாத்துக்கிட்டே நடந்தாங்களாம்.

மலர்க்கொடி பிழைச்சுக்கிட்டாங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கிடந்தாங்க. கூட இருந்து பாத்தது யாருங்கறீங்க? அபூர்வத்தம்மாதான்.

நான் சீராளன்கிட்ட கேட்டேன், "வேலியை வெட்டினது கோர்ட் உத்தரவுக்கு விரோதம்தான?"

அவன் என்னைப் பாத்துட்டு வெத்தலை போட்டுக்கிட்டான்.

அது முடிஞ்சு தை மாசம், ஒரு நாள் காலையில ரெண்டு பேரும் என் ஆபீஸுக்கு வந்து நிக்கறாங்க. அபூர்வத்தம்மாவும் கலியமூர்த்தியும். ஒரே பெஞ்சில உக்காந்தாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"கேஸை ராஜி பண்ணிக்கறோம் சார்"னாங்க அந்தம்மா. "தெக்கால நிலத்துல ஒரு பாகத்தைத் தம்பி பொண்ணுங்க பேருக்கு நானே எழுதிக் குடுத்துடறேன். மெயின் ரோடு வரைக்கும் லாரி போற அகலத்துக்கு ஒரு துண்டு, அதை ரெண்டு பேரும் சேர்ந்து ஊராட்சிக்குத் தானமா குடுக்கறோம். ரோடு போட்டுக்கட்டும். இடம் மட்டும் குடுங்க, ரோடு நாங்க போடறோம்னு தலைவரு சொல்லியிருக்காரு."

"அதுக்கு ஏன் என்கிட்ட வந்தீங்க?"ன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வக்கீல் இருக்காங்கள்ல?"

கலியமூர்த்தி தலையைத் தூக்கினாரு. "சார், அன்னிக்கு நீங்க களத்துக்கு வராம இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு.

"தம்பி, விடுங்க"ன்னாங்க அந்தம்மா. அவரு விட்டுட்டாரு. எப்படிப் பழக்கி வெச்சிருக்காங்க பாருங்க!

அப்புறம் என்கிட்டத் திரும்பிச் சொன்னாங்க, "நீங்க ஓட்டை கண்டுபிடிக்கறவரு சார். அதான் உங்ககிட்ட வந்தோம். நாளைக்கு எங்க பேரப்புள்ளைங்க காலத்துல எவனும் வந்து இது என் இடம்னு ரோட்டை மறிக்கக் கூடாது. ஒரு ஓட்டை இல்லாம எழுதிக் குடுங்க."

நான் யோசிச்சேன். மறுக்கலாம். மறுத்தா, பயந்துட்டான்னு ஆயிடும். எழுதினா, எதுலயோ மாட்டி விடுவாங்க. எதுலன்னு தெரியல. எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? என் சர்வீஸ்ல அப்படி ஒரு தானப் பத்திரம் எழுதினது கிடையாது. தெக்க, வடக்க, கிழக்க, மேக்க எல்லை. சர்வேயரைக் கூட்டிக்கிட்டு நானே போய் அளந்தேன். வாரிசுங்க எல்லார் கையெழுத்தும், கரூர் மகளையும் வரவழைச்சு. பாதையைத் தவிர வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, ஓரத்துல பிளாட் போட்டு வித்தா செல்லாதுன்னு ஒரு ஷரத்தும் சேர்த்தேன். அந்த ஷரத்தைப் படிச்சுக் காட்டறப்ப அந்தம்மா முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ஏதாவது மாறுதான்னு.

"நல்லா போட்டிருக்கீங்க சார்"னாங்க. கையெழுத்துப் போட்டாங்க. புறங்கையில முள்ளு கிழிச்ச தழும்பு வரிவரியா இருந்துச்சு. என்னோட ஃபீஸ் என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கும் பேரம் பேசல சார்!

ரோடு போட்டுட்டாங்க. தார் ரோடு. பள்ளிக்கூட வேன் போகுது, 108 ஆம்புலன்ஸ் தெருக்கோடி வரைக்கும் போகுதுங்கறாங்க. போகட்டும், நல்லதுதான். ஆனா வருஷா வருஷம் அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், என் சொந்தக் காசுல. பிளாட் எதுவும் விக்கல. இது வரைக்கும் விக்கல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சில சமயம் காரை எடுத்துக்கிட்டு நேராவே போயிடுவேன். வீட்டுல எனக்கு என்ன வேலை, பையன் துபாய்ல, அவங்க அம்மாவும் அங்கதான். அந்த ரோட்டுல மெதுவா ஓட்டிக்கிட்டுப் போய், ரெண்டு பக்கமும் கல்லு நட்டிருக்கா, போர்டு வெச்சிருக்கான்னு பாப்பேன். எல்லாம் நெல்லுதான். போன மாசம் போனப்ப அந்தம்மா வயல்ல களை எடுக்க ஆள் விட்டுக்கிட்டு நின்னாங்க. காரைப் பாத்துட்டு வந்தாங்க. மலர்க்கொடியும் பின்னாலயே வந்தாங்க. வயசாயிடுச்சு ரெண்டு பேருக்கும்.

நான் சுத்தி வளைக்கல. கண்ணாடியை இறக்கிட்டுக் கேட்டே புட்டேன், "பிளாட் எப்பம்மா போடப் போறீங்க?"

மலர்க்கொடி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அபூர்வத்தம்மா சிரிக்கல. என்னை ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"எப்ப வேணாலும் வந்து பாத்துட்டுப் போங்க சார்"னாங்க. "இப்பதான் ரோடு இருக்கே."

அதை ஏன் அவ்வளவு அன்பா சொல்லணும்? திரும்பி வர்ற வழி பூரா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். வர்ற வாரம் மறுபடி போகப் போறேன் சார்.